பாகானில் ஒரு கதவும் ஒரு விளக்கும்

ரங்கூன் நகரத்தின் தெருக்களுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. 1852இல் நகரத்தைப் பிடித்த வெள்ளையர், ஆற்றங்கரைச் சதுப்பை நிரப்பி, சதுரம் சதுரமாகத் தெருக்கள் போட்டு, அவற்றுக்குத் தங்கள் தளபதிகளினதும் ஆளுநர்களினதும் பெயர்களை வைத்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்ததும் பர்மியர் அவற்றை அழித்துத் தங்கள் அரசர்களையும் வீரர்களையும் எழுதினார்கள். டல்ஹவுசி வீதி மகாபண்டூலா வீதியாயிற்று. கொட்வின் வீதி லான்மடாவ் வீதியாயிற்று. பிரேசர் வீதி அனவ்ரத்தா வீதியாயிற்று.

அனவ்ரத்தா, 1044இல் பாகானில் அரசுகட்டில் ஏறியவன். ஐராவதிக் கரையில் முதலாவது பர்மியப் பேரரசை எழுப்பியவன். தேரவாத பௌத்தத்தை நாட்டின் மதமாக நிலைநிறுத்தி மற்ற வழிபாடுகளை ஒடுக்கினான் என்று பர்மிய வரலாற்று நூல்கள் அவனைப் போற்றுகின்றன. அந்த அரசனின் பெயரைத் தாங்கிய வீதியில், லான்மடாவிலிருந்து கிழக்கே கால்மணி நேரம் நடந்தால், 1871இல் தமிழர் கட்டிய காளி கோயிலின் கோபுரம் தெரிகிறது. பிற தெய்வங்களை அடைத்து வைத்தவன் என்று சொல்லப்படும் அரசனின் தெருவில் எங்கள் காளி குங்குமத்தோடு நிற்கிறாள். இந்த முரணை ஏதோ தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் அனவ்ரத்தாவின் தலைநகரமான பாகானிலும் இதே முரண் எண்ணூறு வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

*

2019 தை மாதம், பாரிசில் ஒரே குசினியில் வேலை செய்யும் நாங்கள் இரண்டு பேர், முதுகில் ஆளுக்கொரு பையோடு ரங்கூனில் இறங்கினோம். இருவருமே யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு வெளிக்கிட்டவர்கள். பிரஜாவுரிமை கிடைத்துக் கடவுச்சீட்டு கையில் வந்ததும் மற்றவர்கள் லூர்து மாதாவிடமும் லண்டனுக்கும் போவார்கள். எங்களுக்கோ பாகானைப் பார்க்கும் ஆசை, சரித்திரப் பாடம் படித்த காலத்திலேயே தொற்றியிருந்தது. லான்மடாவில், ஒரு ஒடுங்கிய தெருவில் மூன்றாம் மாடி அறை ஒன்று மலிவாகக் கிடைத்தது. சீனக் கடைகள் நிறைந்த பகுதி அது. விடியற்காலையில் கோழியும் மீனும் தெருவிலேயே வெட்டுவார்கள். குசினிக்காரரான எங்களுக்கு அந்த மணம் அந்நியமாக இருக்கவில்லை.

அங்கே தேநீர்க் கடையொன்றில் தமிழ்ப் பெரியவர் ஒருவர் பழக்கமானார். தோசையைப் பர்மியர் 'தோஷே' என்கிறார்கள், பராட்டாவை 'பலாத்தா' என்கிறார்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். தகப்பனார் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்தவர். இவர் பிறந்தது ரங்கூனில்.

"நெல்லுக் கடை வச்சிருந்தாரு அப்பா. அறுபத்தி நாலுல கடையை எடுத்துக்கிட்டாங்க தம்பி. கையில இருந்த அம்பது, நூறு நோட்டும் செல்லாதுன்னுட்டாங்க. கப்பல்ல போனவுக போனாங்க. நாங்க நின்னுட்டோம்."

1964இல் நே வின்னின் இராணுவ அரசு கடைகளைத் தேசியமயமாக்கியதையும், ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளை ஒரே நாளில் செல்லாதாக்கியதையும் நாங்கள் புத்தகத்தில் படித்திருந்தோம். அந்தப் பத்தாண்டில் பர்மாவை விட்டு வெளியேறிய இந்திய வம்சாவளியினர் மூன்று லட்சம் வரையில். சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானது அவர்களால்தான். வடசென்னைத் தெருவோரத்தில் அத்தோ விற்பவர்களும், மணிப்பூர் எல்லையில் மோரேயில் தமிழ்க் கோயில் கட்டிக் குடியிருப்பவர்களும் அந்தச் சிதறலின் துண்டுகளே.

பாகானுக்குப் போகப் போகிறோம் என்றதும் பெரியவர் சிரித்தார். "அங்கே நமக்கு என்ன இருக்கு தம்பி? அது அவங்க கோயிலு" என்றார்.

நியாயமான கேள்வி. பிறந்த நாட்டின் மிகப் பெரிய சரித்திரச் சின்னத்தை அவர் ஒருமுறையும் போய்ப் பார்த்ததில்லை. பார்க்கத் தூரம் அல்ல காரணம்.

*

ரங்கூனிலிருந்து பாகானுக்கு வடக்கே அறுநூறு கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியும்போது ஞாவுங்-ஊ என்ற சிறுபட்டினத்தில் இறக்கி விடுவார்கள். பாகானின் இடிபாடுகள் அங்கிருந்து தென்மேற்காக, ஐராவதி வளையும் இடத்தில், வறண்ட சமவெளி முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. யுனெஸ்கோவின் கணக்கில் 3,595 சின்னங்கள். விகாரை, தாதுகோபம், மடாலயம், வெறும் செங்கல் மேடு எல்லாம் சேர்த்த கணக்கு இது. பெரும்பாலானவை 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 13ஆம் நூற்றாண்டின் இறுதி வரையான இரண்டரை நூற்றாண்டுகளில் எழுந்தவை. அரசன், அரசி, மந்திரி, கணக்கன், பணக்காரக் குடியானவன் என்று வசதியுள்ள ஒவ்வொருவரும் புண்ணியம் தேடிக் கட்டினார்கள். கட்டியதோடு நிலத்தையும் ஆட்களையும் எழுதி வைத்தார்கள். விகாரைக்கு எழுதிய நிலத்துக்கு வரி இல்லை. இப்படிப் புண்ணியம் பெருகப் பெருக அரசின் வருமானம் தேய்ந்தது என்றும், 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மொங்கோலியர் வந்தபோது பாகான் ஏற்கெனவே உள்ளே உளுத்துப் போயிருந்தது என்றும் வரலாற்றாசிரியர் மைக்கல் ஆங்-துவின் வாதிடுகிறார்.

இதைப் பார்க்கச் சிலர் குதிரை வண்டி பிடிக்கிறார்கள். வசதியான வெள்ளையர் விடியற்காலையில் வாயு நிரப்பிய பெரிய பலூனில் ஏறி மேலே நின்று பார்க்கிறார்கள். இளையவர்கள் மின்சார மோட்டார் சைக்கிளில் சத்தமில்லாமல் பறக்கிறார்கள். நாங்கள் கியர் இல்லாத சீனச் சைக்கிள் இரண்டை நாள் வாடகைக்கு எடுத்தோம். அது மலிவு என்பது ஒரு காரணம். மற்றக் காரணம், சைக்கிள் எங்களுக்கு வாகனம் மட்டுமல்ல. பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள்தான் லொறி, அம்புலன்ஸ், கலியாணக் கார். 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது சைக்கிள் பாரில் குந்தியிருந்த பிள்ளைகள் நாங்கள். எவ்வளவு பாரம் ஏற்றலாம், எந்த மணலில் இறங்கித் தள்ள வேண்டும் என்பது எங்கள் உடம்புக்குத் தெரியும்.

பாகானின் பாதைகளில் பாதி, புதைமணல். முன்சில்லு திரும்பி மறுக்கும். முட்செடி நிறைய, ஆகவே ஒட்டுப் போடும் வேலையும் நிறைய. ஆனால் சைக்கிளில் போகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. பெயர்ப்பலகை இல்லாத, இலக்கம் மட்டும் இட்ட சிறு கோயில்களின் முன் நினைத்தவுடன் இறங்கலாம். அந்தச் சிறு கோயில்களுக்கு இரும்புக் கதவும் பூட்டும் போட்டிருக்கிறார்கள். திறப்பு, பக்கத்தில் குடியிருக்கும் யாரோ ஒரு வீட்டில் இருக்கும். சைக்கிள் மணி கேட்டதும் ஒரு பெண் முகத்தில் தனக்காச் சந்தனத்தோடு திறப்புக்கோர்வையைத் தூக்கிக்கொண்டு வருவாள். கதவு திறந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, ரோச்லைற் வெளிச்சத்தில் சுவரோவியத்தைப் பார்க்க வேண்டும். திறப்பு வைத்திருப்பவர் இல்லாவிட்டால் கோயில் இல்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் ஓவியம் இல்லை. ஒரு கோயிலுக்குக் கதவும் விளக்கும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பாகானின் முதல் இரண்டு நாட்களிலேயே நாங்கள் படித்துக்கொண்டோம்.

*

பழைய பாகானின் மதிலுக்குள், வானளாவும் தட்பின்யூ விகாரைக்கு அருகில், ஒரு சிறிய சதுரமான செங்கற் கோயில் இருக்கிறது. பெயர் நட்லவுங் சவுங். 'நட்' என்றால் பர்மிய நாட்டுத் தேவதைகள். நட்களை அடைத்து வைத்த இடம் என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். உண்மையில் இது விஷ்ணு கோயில். பாகானில் இன்று எஞ்சி நிற்கும் ஒரேயொரு இந்துக் கோயில் இதுவே. வெளிச்சுவர் மாடங்களில் தசாவதாரச் சிலைகளாக இருந்தவற்றில் சில மிஞ்சியுள்ளன. உள்ளே இருந்த சிலையொன்றை 1890களில் ஜேர்மன் எண்ணெய்ப் பொறியியலாளர் ஒருவர் கொண்டுபோனார் என்றும் அது பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றும் வழிகாட்டி நூல்கள் சொல்கின்றன. அப்படியானால் பெருமாள் நமக்கு முன்னமே ஐரோப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், விசா இல்லாமல்!

கருவறையும் மேற்கட்டும் நிற்கின்றன. முன்மண்டபம் இல்லை, எப்போதோ விழுந்துவிட்டது.

அனவ்ரத்தா பிற தெய்வங்களை இங்கே சிறை வைத்தான் என்ற கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அவனுக்குப் பின் 1084இல் அரசேறிய கியான்சித்தாவின் மொன் மொழிக் கல்வெட்டுகள் வேறு கதை சொல்கின்றன. அவன் அரண்மனை கட்டியபோது பிராமணர் கிரியை செய்தனர், நாராயண பூசை நடந்தது. முற்பிறப்பில் தானே விஷ்ணுவாக இருந்ததாக அந்த பௌத்த அரசன் தன்னைச் சொல்லிக்கொண்டான். சோழ இளவரசன் ஒருவனுக்குப் புத்தரின் மகிமையைப் பொன்னேட்டில் எழுதி அனுப்பியதாகவும் பெருமைப்பட்டான். தூய பௌத்த அரசு என்பது பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களுக்குப் போர்த்திய சால்வை. இந்த வகைச் சால்வைகளை இலங்கையிலிருந்து வந்த நமக்கு நன்றாகத் தெரியும்.

பழைய பாகானிலிருந்து தெற்கே இரண்டு கிலோமீற்றர் சைக்கிள் ஓடினால் மியின்கபா என்ற கிராமம். அரக்குப் பாத்திரம் செய்பவர்களின் ஊர். அங்கே கிடைத்த கல் ஒன்றைத்தான் நாங்கள் தேடி வந்தோம். கல் இப்போது பாகான் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. அதன் வாசகத்தை, சென்னை மாகாணத்தின் கல்வெட்டறிஞராக இருந்த ஜேர்மானியர் ஹுல்ட்ஸ், 1902–03இல் வெளிவந்த எபிகிராபியா இந்திகாவின் ஏழாம் தொகுதியில் பதிப்பித்தார்.

முதலில் ஒரு சமஸ்கிருதச் சுலோகம், கிரந்த எழுத்தில். அது குலசேகர ஆழ்வார் இயற்றியதாகச் சொல்லப்படும் முகுந்தமாலையிலிருந்து எடுத்தது. அதன் கீழே தமிழ் உரைநடை. எழுத்தின் அமைப்பைக் கொண்டு 13ஆம் நூற்றாண்டு என்று ஹுல்ட்ஸ் கணித்தார். சொல்லும் செய்தி இவ்வளவே: புக்கம் என்கிற அரிவத்தனபுரத்தில் நானாதேசி விண்ணகர் என்றொரு பெருமாள் கோயில் உண்டு. மலைமண்டலத்து மகோதையர்பட்டினத்தைச் சேர்ந்த இராயிரன் சிறியான் என்கிற குலசேகர நம்பி அக்கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டுவித்தான், ஒரு கதவு செய்து கொடுத்தான், அம்மண்டபத்தில் எரிய ஒரு நிலைவிளக்கும் கொடுத்தான்.

புக்கம் என்பது பாகான். அரிவத்தனபுரம் என்பது பாகானின் பாளிப் பெயரான அரிமத்தனபுரத்தின் தமிழ் உருவம். மகோதையர்பட்டினம் என்பது மகோதை, அதாவது பழைய முசிறிப் பகுதியான கொடுங்கல்லூர். விண்ணகர் என்றால் விஷ்ணு கோயில். நட்லவுங் சவுங்கே அந்த நானாதேசி விண்ணகர் என்று எழுதுவோர் உண்டு. கல் கிடைத்ததோ மதிலுக்கு வெளியே, மியின்கபாவில். எதுவானாலும் நம்பி கட்டிய மண்டபம் இன்று இல்லை. கதவு மரமாக இருந்திருக்கும், கறையான் தின்றிருக்கும். விளக்கை யாரோ உருக்கியிருப்பார்கள். கொடுத்தேன் என்ற சொல் மட்டும் கல்லில் நிற்கிறது.

*

இந்தக் கல்லில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். ஆண்டு இல்லை. அரசன் பெயர் இல்லை. சோழனுடையதும் இல்லை, பர்மிய அரசனுடையதும் இல்லை. மெய்க்கீர்த்தி இல்லை. எவரையும் வென்றதாக ஒரு சொல் இல்லை. தமிழன் என்ற சொல்லும் இல்லை. கொடுத்தவன் இன்றைய கணக்கில் மலையாளி. எழுதியது தமிழ். தொடக்கம் சமஸ்கிருதம். கோயிலின் பெயர் நானாதேசி, அதாவது பல தேசத்தார்.

நானாதேசிகள் என்பது ஒரு சாதியின் பெயரோ ஓர் ஊரின் பெயரோ அல்ல. கர்நாடகத்து ஐகொளேயைத் தங்கள் மூல ஊராகச் சொல்லிக்கொண்ட ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டமைப்பின் இன்னொரு பெயர் அது. கன்னடம், தெலுங்கு, தமிழ், மலையாளம் பேசும் வணிகர் எல்லோரும் அதில் இருந்தார்கள். குதிரை, யானை, மிளகு, துணி, கற்பூரம், சந்தனம் என்று எதையும் விற்றார்கள். வழியில் கள்ளர் பயம் இருந்ததால் சொந்தமாக ஆயுதக் காவலரும் வைத்திருந்தார்கள். தங்கள் சரக்கின் மேல் தாங்களே ஒரு தொகை விதித்துக்கொண்டு அதைக் கோயிலுக்குக் கொடுப்பதும் அவர்கள் வழக்கம்.

சுமாத்திராவின் பாருஸில், லோபு துவா என்ற இடத்தில் அவர்களின் தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டுக்குரியது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் சிவன் கோயில் எழுப்பிய தமிழர் 1281இல் பொறித்த கல்லில் தமிழோடு சீன எழுத்தும் இருக்கிறது. இலங்கையில் பொலநறுவை, பதவியா என்று பல இடங்களில் வணிகரின் தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன.

இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று எங்கள் ஊரிலேயே உண்டு. திருகோணமலைக்கு வடமேற்கே பெரியகுளத்தில் வெல்கம் விகாரை என்ற பௌத்தப் பள்ளி இருக்கிறது. சோழர் ஆட்சியில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். 11ஆம் நூற்றாண்டின் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே பல உண்டு. அவை பதிந்து வைத்திருக்கும் கொடைகளில் முக்கியமானது விளக்கு. விளக்கெரிக்க நெய் வேண்டும், நெய்க்குப் பசு வேண்டும், ஆகவே பசுக்களும் கொடுத்தார்கள். புத்தருக்கு விளக்கு வைத்தவர்கள் தமிழர். பாகானில் பௌத்த நகரத்துக்குள் பெருமாளுக்கு விளக்கு. திருகோணமலையில் தமிழ்க் கொடையாளரின் விளக்கு புத்தருக்கு. இன்று சிங்களத் தேசியவாதி முன்னதை ஊடுருவல் என்பான், தமிழ்த் தேசியவாதி பின்னதைக் கண்டுகொள்ளாமல் போவான்.

நாம் சின்ன வயதில் படித்த சரித்திரம் வேறு. சாண்டில்யனின் கடல் புறாவைப் போர்வைக்குள் குப்பிவிளக்கு வைத்து வாசித்த தலைமுறைகளுக்குக் கிழக்கே கடல் கடந்த தமிழன் என்றால் கையில் வாள் இருக்க வேண்டும். 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரம் போனது உண்மை. ஆனால் அந்தப் பெருமை எவ்வளவு தூரம் இழுபட்டது என்பதற்குப் பர்மாவே சாட்சி. பெகுவுக்கு அருகில் கிடைத்த இரண்டு கருங்கற் தூண்களை ராஜேந்திரனின் வெற்றித் தூண்கள் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியலாளர் எழுதினார்கள். கடாரம் என்பது மலாயாவின் கெடா என்று பின்னர் தெளிவாகி அந்தக் கதை கைவிடப்பட்டது. ஆயினும் 'பர்மாவையும் வென்றான்' என்ற வரியை விழா மலர்களில் இன்றும் காணலாம்.

இலங்கையின் சூளவம்சம் இன்னொரு படையெடுப்பைச் சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பர்மாவின் மீது கப்பற்படை அனுப்பினான். யானை வியாபாரத்தைப் பர்மிய அரசன் தடுத்து விலையை ஏற்றியது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவனை சூளவம்சம் தமிழதிகாரி ஆதித்தன் என்கிறது. சிங்கள அரசனுக்காகப் பௌத்த நாட்டை அடிக்கப் போன தமிழ் அதிகாரி! இனத்தை இனத்தோடு மோதவிட்டுப் பார்க்கும் சரித்திரப் புத்தகத்தில் இவனை எந்த அத்தியாயத்தில் வைப்பது?

*

சரி, வாளை விட்டுவிட்டு விளக்கைப் பிடித்துக்கொண்டால் நம் கை சுத்தமாகிவிடுமா? அதுவும் இல்லை.

பாகானின் கல்வெட்டுகளில் இந்தியர் இன்னொரு வகையிலும் வருகிறார்கள். விகாரைக்கு எழுதி வைக்கப்பட்ட அடிமைகளின் பட்டியல்களில் 'குலா' என்று குறிக்கப்பட்டவர்கள் இந்தியர்கள். ஆக, எண்ணூறு வருடத்துக்கு முன் ஒரே நகரத்தில் வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்தவன் ஒருவன் கதவு கொடுத்தான், அப்படித் தாண்டி வந்தவனின் பிள்ளையே காணிக்கையாகக் கொடுக்கப்பட்டான். அந்தச் சொல் இன்றும் சாகவில்லை. 'கலா' என்று இப்போது உச்சரிக்கிறார்கள். மியின்கபாவில் நாங்கள் சைக்கிளைச் சாத்திவிட்டுத் தேநீர் குடித்தபோது ஒரு சிறுவன் தாயிடம் அந்தச் சொல்லைச் சொல்லி எங்களைக் காட்டினான். தாய் அவன் வாயைப் பொத்தினாள். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்து, பொரித்த பலகாரம் ஒன்றை மேலதிகமாக வைத்தாள். 2017இல் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோகிங்கியா மக்கள் அராக்கானிலிருந்து வங்காளதேசத்துக்குத் துரத்தப்பட்டபோது அவர்களின் முதுகில் எறியப்பட்ட சொல்லும் இதுதான்.

வட்டிக் கடையையும் மறைக்க முடியாது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ரங்கூனின் நாலு லட்சம் சனத்தில் பாதிக்கு மேல் இந்தியர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் வயலில் அறுவடைக்கு நின்றவர்களுமே. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் சிறு தொகையினர். கீழ்ப் பர்மாவின் சதுப்பு நிலம் உலகின் நெற்களஞ்சியமானதற்கு முதல் போட்டவர்கள் அவர்கள் என்பது உண்மை. 1930இன் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை விழுந்தபோது அடமானம் வைத்த வயல்கள் அவர்கள் கைக்கு வந்தன என்பதும் உண்மை. 1930இல் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் நூற்றுக்கு ஆறு வீதமாக இருந்த செட்டியார் நிலம், 1938இல் நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. அதே 1930 வைகாசியில் ரங்கூன் துறைமுகத்தில் கலவரம். வெட்டுப்பட்டவர்கள் செட்டியார்கள் அல்ல, தெலுங்குக் கூலிகள். 1938இல் மீண்டும் கலவரம். 1942இல் யப்பானியர் வந்தபோது ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இந்தியாவை நோக்கி ஓடினார்கள். காட்டுவழியில் நடந்தவர்களில் பல்லாயிரம் பேர் ஊர் சேரவில்லை.

விருந்தாளி என்று வந்தவன் வீட்டுக்காரனின் உறுதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் என்ன நடக்கும் என்பதும், அந்தக் கோபம் கடைசியில் யாருடைய முதுகில் விழும் என்பதும் இந்தக் கணக்கில் இருக்கிறது. இதைச் சொல்வது நே வின்னை நியாயப்படுத்துவதற்கு அல்ல. லான்மடாவின் பெரியவர் வீட்டில் யாருடைய உறுதியும் இருக்கவில்லை.

*

பழைய பாகான் மதிலில் மிஞ்சியிருக்கும் ஒரே வாசல் தரபா வாசல். இரண்டு பக்க மாடங்களிலும் காவல் நட்கள், அண்ணனும் தங்கையும். வாசலுக்குக் கதவு இல்லை. உள்ளே ஊரும் இல்லை. 1990 வரை ஊர் இருந்தது. அந்த வருடம் இராணுவ அரசு, மதிலுக்குள் குடியிருந்தவர்களை எழுப்பித் தெற்கே சில கிலோமீற்றர் தள்ளிப் புதுப் பாகான் என்ற வெறும் காணியில் இருத்தியது. சரித்திரச் சின்னத்தைச் சனம் இல்லாமல் பார்ப்பது அழகு என்று நினைத்திருக்க வேண்டும். பின்னர் அதே அரசு, 1975ஆம் ஆண்டுப் பூமியதிர்ச்சியில் உடைந்தவற்றையும் வெறும் மேடாகக் கிடந்தவற்றையும் புதுச் செங்கல்லால் கட்டியெழுப்பியது. இந்தப் புதுக்கட்டுக்களைத் தொல்லியலாளர் பலர் கண்டித்தார்கள். 2016இன் அதிர்ச்சியில் மறுபடியும் நூற்றுக்கணக்கான கோயில்கள் சேதமாயின. 2019 ஆடியில், நாங்கள் வந்து ஆறு மாதத்தின் பின், பாகான் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. திறப்புக்கோர்வையோடு வந்த பெண்களில் ஒருத்தி, தகப்பன் வீடு இருந்த இடத்தை எங்களுக்குக் கையால் காட்டினாள். அங்கே ஒரு புளியமரம் நின்றது. அவ்வளவுதான். அவளுக்கு ஆங்கிலமும் எங்களுக்குப் பர்மியமும் ஒரே அளவு தெரியும். ஆனால் 'இங்கேதான்' என்று காட்டும் கை எந்த மொழிக்கும் உரியது.

மியின்கபாவில் இன்னொரு கல் உண்டு. கியான்சித்தாவின் மகன் ராஜகுமாரன், தகப்பன் சாகக் கிடந்தபோது, 1113ஆம் ஆண்டளவில் நாட்டிய மியாசேடிக் கல். தூணுக்கு நாலு முகம். நாலு முகத்திலும் ஒரே செய்தி நாலு மொழியில்: பாளி, மொன், பியூ, பர்மியம். பியூ மொழியை வாசிக்க முடிந்ததே இந்தக் கல்லால்தான். இன்று அதைப் பேச ஒருவரும் இல்லை. ஒரு செய்தியைச் சொல்ல நாலு மொழி வேண்டும் என்று நினைத்த நாட்டில், 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 1823க்கு முன் பாட்டன் இருந்ததற்குச் சான்று கேட்கிறது. 1956இல் நம்முடைய நாட்டில் ஒரு மொழி போதும் என்றார்கள். கல்லை நட்டவனின் பேரப்பிள்ளைகளுக்குக் கல்லை வாசிக்கத் தெரியாமல் போவது பர்மாவுக்கு மட்டும் உரிய விதியல்ல.

*

2021 மாசி முதலாம் திகதி மீண்டும் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன்பின் நடந்த உள்நாட்டுப் போரில் இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். நாங்கள் சந்தித்தவர்களில் யார் எங்கே என்பது எங்களுக்கு எட்டவில்லை. பாரிசில் அகதி விண்ணப்பத்துக்கு வரிசையில் நிற்பவர்களில் பர்மியரும் உண்டு. நமக்கு 1980களில் இருந்த அதே வரிசை, அதே குளிர்.

பாகானில் தமிழருக்கு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை: ஒரு சின்னக் கல். அதை வைத்துக்கொண்டு பாகானை நாம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. அது நமக்குக் கொடுப்பது உரிமைப் பத்திரம் அல்ல, ஒரு முன்மாதிரி. ஊர் விட்டு ஊர் வந்த ஒருவன், தான் பிழைக்க வந்த நகரத்தில், பல தேசத்தாருக்கும் பொதுவான ஒரு கோயிலுக்கு, தன் பங்காக எதைக் கொடுக்கலாம் என்று யோசித்திருக்கிறான். கொடி கொடுக்கவில்லை, வாள் கொடுக்கவில்லை, தன் உருவச் சிலையும் கொடுக்கவில்லை. உள்ளே வருகிறவன் வெயிலுக்கு ஒதுங்க ஒரு மண்டபம். இரவில் சாத்தவும் காலையில் திறக்கவும் ஒரு கதவு. இருட்டில் முகம் தெரிய ஒரு விளக்கு.

லா சப்பலில் ஆவணி மாதத்தில் பிள்ளையார் தேர் ஓடும்போது தெரு முழுக்கத் தேங்காய் உடைக்கிறோம். பாரிஸ் நகரம் வாகனங்களை நிறுத்தி வழிவிடுகிறது. அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு 'பாரிசையும் பிடித்துவிட்டோம்' என்று பேசுபவர்களை நாம் கேட்டிருக்கிறோம். பிடிக்கவில்லை ஐயா, வழி விட்டிருக்கிறார்கள். வழிவிட்டவர்களுக்கு நாம் என்ன கட்டிக் கொடுத்தோம் என்பதையும், நமக்குப் பின்னால் வந்து அதே வரிசையில் நிற்கும் சூடானியனுக்கும் ஆப்கானியனுக்கும் நம் கோயில் மண்டபத்தில் ஒதுங்க இடம் இருக்கிறதா என்பதையும் எழுதி வைக்க ஒரு கல் தேவைப்பட்டால், அதில் என்ன எழுதுவோம்?

குலசேகர நம்பிக்கு அது சில வரிகளில் முடிந்துவிட்டது.